தாயம் விழ எத்தனை வீச்சு?

வாசகர் கேள்வி – பதில்

பரமபதம், தாயம், லூடோ என்று பகடை ஆட்டங்களைப் பற்றி வந்த கேள்விகள் ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே கொடுத்துவிட்டோம்.

கேள்வி: வைகுண்ட ஏகாதசி இரவில் எங்கள் வீட்டில் விடிய விடியப் பரமபதம் ஆடுவோம். 'பாம்பும் ஏணியும்' ஆட்டம் இங்கிலாந்தில் பிறந்தது என்று என் பேரனின் பொது அறிவுப் புத்தகத்தில் இருக்கிறது. எது சரி?

இங்கிலாந்தில் பிறந்தது காப்புரிமை மட்டும்தான். லண்டனைச் சேர்ந்த விளையாட்டுப் பொருள் தயாரிப்பாளர் எஃப். எச். ஏர்ஸ் 1892-இல் அங்கே அதைப் பெற்றார். ஆட்டம் அதற்கு வெகுகாலம் முன்பே இந்தியாவில் துணியிலும் காகிதத்திலும் வரையப்பட்டுவிட்டது. வடக்கே அதற்கு ஞான சௌபட் என்று பெயர், நமக்குப் பரமபத சோபானம். சோபானம் என்றால் படிக்கட்டு. கிடைத்திருக்கும் பழைய பலகைகளில் பல 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மராத்திய ஞானி ஞானேஸ்வரர் 13-ஆம் நூற்றாண்டில் இதை உருவாக்கினார் என்ற பேச்சு பரவலாக உண்டு. அதை மரபுச் செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள், சான்றாக அல்ல.

பழைய பலகைகளில் கட்ட எண்ணிக்கை ஒரே மாதிரி இருக்காது. சமணர் பலகையில் 84 கட்டங்கள், வைணவப் பலகைகளில் ஒருவகைக்கு 72. சூஃபி மரபில் வந்த பலகைக்கு 101. நாம் நினைக்கும் நூறு, பத்துக்குப் பத்தாக வசதி பார்த்துப் பின்னால் வந்து நிலைத்த கணக்கு.

பெரிய மாற்றம் எண்ணிக்கையில் அல்ல, கட்டத்துக்குள் நடந்தது. பழைய பலகையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் உண்டு: பொறாமை, கோபம், தானம், பக்தி என்று. காய் ஏன் சறுக்கியது, ஏன் ஏறியது என்பதைக் கட்டமே சொல்லும். 72 கட்டப் பலகை ஒன்றில் 54-ஆம் கட்டம் பக்தி. அதில் கால் வைத்தால் ஏணி நேரே 68-ஆம் கட்டமான வைகுண்டத்தில் கொண்டுபோய் விடும். இறுதிக் கட்டம் 72 அல்ல, 68 என்பதைக் கவனியுங்கள். வைகுண்டத்தைத் தாண்டிப் போய்விட்டால் ஜெயித்ததாகாது. மேலே 72-இல் தமோ குணம் பாம்பாகக் காத்திருந்து 51-க்கு இறக்கிவிடும், அங்கிருந்து மறுபடி ஏற வேண்டும். மோட்சத்தைத் தாண்டிக் குதிக்க முடியும் என்று யோசித்த மூளைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

விக்டோரியா காலத்து ஆங்கிலேயர்கள் கருத்தை வைத்துக்கொண்டு பெயர்களைத் தங்களுக்கேற்ப மாற்றினார்கள். சிக்கனம், உழைப்பு, செய்த தவறுக்கு வருந்துதல் ஆகியவை ஏணிகள் ஆயின. சோம்பல், கீழ்ப்படியாமை, அளவு மீறிய சுகம் ஆகியவை பாம்புகள். அவை கொண்டுபோய் விட்ட இடங்கள் வறுமை, அவமானம், நோய். மோட்சத்துக்குப் போகும் பாதை, நல்ல பிள்ளையாக வளர்ந்து பிழைத்துக்கொள்ளும் பாதை ஆயிற்று. இன்னொரு மாற்றமும் உண்டு. இந்தியப் பலகைகளில் ஏணியைவிடப் பாம்பு அதிகம், ஆங்கிலப் பலகையில் இரண்டையும் சமமாக்கினார்கள். நாளடைவில் எழுத்தும் உதிர்ந்து போய், எண்ணும் பாம்பும் ஏணியும் மட்டும் மிஞ்சின. அந்த மிச்சம்தான் உங்கள் பேரன் கையில் இருப்பது.

கேள்வி: ஏகாதசிக்கும் இந்த ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

மார்கழி வளர்பிறை ஏகாதசியன்று பட்டினி கிடந்து இரவு கண் விழிக்க வேண்டும். வயிறு காலியாக இருக்கும்போது தூக்கம் வராமல் பார்த்துக்கொள்ள ஒரு வேலை தேவை, அந்த வேலை வைகுண்டத்தை நினைவூட்டுவதாகவும் இருந்தால் இரட்டிப்பு வசதி. சமணர்களும் பர்யூஷண நோன்பு நாட்களில் தங்கள் பலகையை எடுத்து வைத்து ஆடியிருக்கிறார்கள்.

கேள்வி: தாயக்கட்டையில் 'தாயம்' விழாமலே அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். மற்றவர்களுக்கு மட்டும் சட்டென்று விழுகிறது. கட்டையில் கோளாறா, கையில் கோளாறா?

இரண்டிலும் இல்லை. கட்டையின் அமைப்பே அப்படி. பித்தளைக் கட்டை ஒவ்வொன்றுக்கும் நீளவாக்கில் நான்கு முகங்கள். அவற்றில் 1, 2, 3 புள்ளிகள், ஒரு முகம் வெறுமை. இரண்டு கட்டைகளைச் சேர்த்து உருட்டினால் 4 × 4 = 16 விதமாக விழலாம். அதில் தாயம், அதாவது 1, வர வேண்டுமென்றால் ஒன்று புள்ளி ஒன்றையும் மற்றது வெறுமையையும் காட்ட வேண்டும். அதற்கு இரண்டே வழிகள். ஆக, 8 வீச்சுக்கு ஒன்று என்ற கணக்கு.

மற்றவற்றையும் சொல்லிவிடுவோம். பதினாறில் 3 விழ 4 வழி. இரண்டுக்கும் நாலுக்கும் மும்மூன்று வழி. ஐந்துக்கு 2 வழி. ஆறுக்கு ஒரே வழி, இரண்டும் மூன்றைக் காட்ட வேண்டும். இரண்டும் வெறுமையானால் பூஜ்ஜியம் என்று சொல்லாமல் 12 என்று கொண்டாடுகிறோமே, அதற்கும் ஒரே வழிதான்.

எட்டில் ஒன்று என்றால் எட்டாவது வீச்சில் கட்டாயம் விழும் என்று பொருளல்ல, இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். எட்டு முறை உருட்டியும் தாயம் விழாமல் போக 100-க்கு 34 வாய்ப்பு உண்டு. இருபது முறை உருட்டியும் விழாமல் போக 100-க்கு 7. நாலு பேர் ஆடினால், யாராவது ஒருவர் நெடுநேரம் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சாதாரணம். அது நீங்களாக இருக்கும்போதுதான் கட்டை மீது சந்தேகம் வரும்! பொறுமை இல்லாத வீடுகளில் ஐந்துக்கும் காய் இறக்கலாம் என்று விதி வைத்துக்கொள்வார்கள். அப்போது வாய்ப்பு நாலில் ஒன்று ஆகிவிடும், ஆட்டம் சீக்கிரம் சூடு பிடிக்கும்.

1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்ற வழக்கப்படி கணக்குப் போட்டால் ஓர் அழகான எண் கிடைக்கிறது. ஒரு வீச்சின் சராசரி 3.75. மறுவீச்சுகளையும் சேர்த்து, ஒருவர் தன் முறையில் உருட்டும் வீச்சுகள் சராசரி 1.6. பெருக்கினால் சரியாக 6. காய்கள் எல்லாம் இறங்கிய பிறகு, எதிரியின் காய் உங்களுக்கு எத்தனை கட்டம் பின்னால் வருகிறது என்று பார்த்து, மலையில், அதாவது வெட்டு விழாத கட்டத்தில், ஏறி நிற்பதா ஓடுவதா என்று முடிவெடுக்க இந்த ஆறு உதவும். வெட்டு வாங்கிய காய் மறுபடி தாயத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்பதால், பழம் எடுக்க, அதாவது காயை முடிவிடத்தில் சேர்க்கப் போகும் நேரத்தில் அவசரம் கூடாது.

கையில் கோளாறு என்று ஒன்று உண்டென்றால் அது வேறு. நீளக் கட்டையை உள்ளங்கையில் வேண்டிய முகம் மேலே இருக்கும்படி வைத்து, உருட்டாமல் தரையில் நழுவ விடுவார்கள். கட்டை சறுக்கிக்கொண்டே போய் அப்படியே நிற்கும். இரண்டு உள்ளங்கைகளுக்கு இடையில் தேய்த்து, தரையில் குறைந்தது ஒரு முழுச் சுற்றாவது உருள வேண்டும் என்று ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள்.

கேள்வி: புளியங்கொட்டையைத் தேய்த்து ஆடுகிறோம். எட்டு அடிக்கடி விழுகிறது, நாலு விழுவதே இல்லை. ஏன்?

அதிகமாகத் தேய்த்துவிட்டீர்கள். நாலு கொட்டை ஆட்டத்தில் தேய்த்த வெள்ளைப் பக்கம் எத்தனை மேலே வருகிறதோ அத்தனை எண், நாலும் கறுப்பானால் எட்டு. கொட்டை நேர்மையாக இருந்தால் நாலுக்கும் எட்டுக்கும் ஒரே வாய்ப்பு, 16 வீச்சுக்கு ஒன்று. ஒரு பக்கத்தை ஆழமாகத் தேய்த்துத் தட்டையாக்கிவிட்டால் அது ஒரே பக்கமாக விழத் தொடங்கும். வெள்ளை மேலே வரும் வாய்ப்பு 100-க்கு 50 என்பது 40 ஆகக் குறைந்ததாக வையுங்கள். பார்வைக்குச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் 100 வீச்சில் எட்டு 13 முறை விழும், நாலு இரண்டு மூன்று முறைதான். ஐந்து மடங்கு!

நன்றாக முற்றிய, ஒரே அளவுக் கொட்டைகளாகப் பொறுக்குங்கள். சொரசொரப்பான கல்லில் சொட்டுத் தண்ணீர் விட்டு மெதுவாகத் தேயுங்கள். தோல் போய் உள் பருப்பின் வெளுப்பு தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும், குழி விழக் கூடாது. தண்ணீர் இல்லாமல் வேகமாகத் தேய்த்தால் கொட்டை சுடும். பக்கத்தில் இருப்பவர் கையில் வைத்து அலற விடுவதற்கு அது உதவும், ஆட்டத்துக்கு உதவாது. தேய்த்த கொட்டை ஒவ்வொன்றையும் தனித்தனியே 100 முறை போட்டு எண்ணுங்கள். வெள்ளை 40-க்கும் 60-க்கும் இடையில் வந்தால் வைத்துக்கொள்ளலாம், வெளியே போனால் அந்தக் கொட்டையை மாற்றுங்கள். சோழிக்கும் இதே சோதனைதான். சோழி இயற்கையிலேயே இரு பக்கமும் சமமில்லாத பொருள் என்பதால், அதில் சரிபாதியை எதிர்பார்க்க வேண்டாம். எல்லோரும் அதே சோழிகளை உருட்டினால் போதும்.

கேள்வி: ஆறு முகப் பகடை நேர்மையானதா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முதலில் எதிரெதிர் முகங்களைக் கூட்டிப் பாருங்கள்: 1-உடன் 6, 2-உடன் 5, 3-உடன் 4, எப்போதும் 7 வர வேண்டும். வராவிட்டால் அச்சுப் பிழை. அதனால் மட்டும் ஆட்டம் கெடாது, ஆனால் எந்த லட்சணத்தில் தயாரித்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். மொகஞ்சதாரோவில் கிடைத்த பழம் பகடைகளில் 1-க்கு எதிரே 2, 3-க்கு எதிரே 4, 5-க்கு எதிரே 6 என்ற வரிசை உண்டு. ஏழு என்ற கூட்டு பிற்கால வழக்கம்தான்.

அடுத்தது உப்புநீர்ச் சோதனை. 200 மில்லி தண்ணீரில் சுமார் 70 கிராம் உப்புக் கரையும், அதற்கு மேல் அடியில் தங்கிவிடும். லூடோ பெட்டியோடு வரும் சாதாரண பிளாஸ்டிக் பகடை அதற்கு முன்பே மிதந்துவிடும். கண்ணாடி போன்ற அக்ரிலிக் பகடை மிதக்க உப்பு ஏறக்குறைய முழு அளவும் வேண்டும். மிதக்கும் பகடையை விரலால் சுண்டிச் சுழற்றுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே முகம் மேலே வந்து நின்றால், அதற்கு எதிர்ப்பக்கம் கனம் கூடுதல். உள்ளே காற்றுக் குமிழ் இருந்தால் இப்படி ஆகும். குழி தோண்டிய புள்ளிகளும் ஒரு காரணம்: ஆறு குழி உள்ள முகம் ஒரு குழி உள்ள முகத்தைவிடக் கொஞ்சம் லேசு. ஆனால் குழியால் வரும் பாதகம் மிகக் குறைவு. மூலைகள் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பதும், கனசதுரம் சற்றே தட்டையாக இருப்பதும் அதைவிடப் பெரிய தொல்லை.

எண்ணிப் பார்ப்பதென்றால் 600 முறை உருட்ட வேண்டும். ஒவ்வொரு எண்ணும் 100 முறை வர வேண்டும் என்று எதிர்பார்த்தாலும், 82 முதல் 118 வரை வந்தால் சந்தேகப்பட வேண்டாம். 60 முறை மட்டும் உருட்டி, ஆறு 5 தடவைதான் விழுந்தது என்று பகடையைத் தூக்கி எறிவது அநியாயம்.

கேள்வி: பாம்பும் ஏணியும் ஆட்டத்தில் 99-இல் நிற்கிறேன். சரியாக 1 விழுந்தால்தான் பழம். 94-இல் நிற்பவருக்கு வழி நிறைய இருக்கிறது, அவர்தான் ஜெயிப்பார் என்கிறார்கள். உண்மையா?

இல்லை. இருவரும் சமம். நீங்கள் 99-இல் நின்றால் 1 மட்டும் வெற்றி. அவர் 94-இல் நின்றால் 6 மட்டும் வெற்றி. அவருக்கு வேறு எண் விழுந்தால் 95, 96 என்று நகர்வார், அங்கே போனாலும் ஜெயிக்க ஒரே ஓர் எண்தான். 94 முதல் 99 வரை எந்தக் கட்டத்தில் நின்றாலும் ஒவ்வொரு வீச்சிலும் ஆறில் ஒன்று, சராசரி 6 வீச்சு. கூடுதல் எண் விழுந்தால் காய் அப்படியே நிற்கும் என்ற விதிக்கும், இடையில் பாம்பு இல்லாத பலகைக்கும் இந்தக் கணக்கு. உங்கள் பலகையில் 98-இலோ 95-இலோ பாம்பு இருந்தால் ஆபத்து அவருக்குத்தான். 99 பாதுகாப்பான இடம், கொஞ்சம் சலிப்பு தரும் இடம், அவ்வளவுதான்.

கேள்வி: வகுப்புப் பிள்ளைகளுக்கு நூறு கட்டப் பலகை நானே வரைய விரும்புகிறேன். கவனிக்க வேண்டியவை என்ன? (பள்ளி ஆசிரியை)

52 செ.மீ. சதுர அட்டை எடுத்து, சுற்றிலும் 1 செ.மீ. விட்டால் 5 செ.மீ. கட்டங்கள் பத்துக்குப் பத்து வரும். கோடு போடும்போது ஒரு கட்டத்தை அளந்து, அதன் முடிவிலிருந்து அடுத்ததை அளந்து என்று போகாதீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பத்தாவது கட்டத்தில் ஒரு சென்டிமீட்டர் காணாமல் போகும். அளவுகோலை ஒரே விளிம்பில் வைத்து 5, 10, 15 என்று மொத்தமாகக் குறியுங்கள். நாலு பேர் காயும் ஒரே கட்டத்தில் நிற்க வேண்டியிருக்கும், எனவே காயின் அகலம் 1.5 செ.மீ. தாண்டக் கூடாது. தாளை அட்டையில் ஒட்டும்போது பின்பக்கமும் ஒரு தாள் ஒட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் பசை காய்ந்தால் அட்டை வில்லாக வளையும், பகடை நிற்காது.

எண்கள் ஏர் மாடு திரும்புவது போல் போகும். கீழ் வரிசை இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம். எழுதி முடித்ததும் ஓரங்களை மட்டும் சரிபார்த்தால் போதும். இடது ஓரம் கீழிருந்து 1, 20, 21, 40, 41, 60, 61, 80, 81, 100. வலது ஓரம் 10, 11, 30, 31, 50, 51, 70, 71, 90, 91. இதில் ஒன்று தப்பினாலும் எங்கோ ஒரு வரிசை திரும்பவில்லை.

பாம்பும் ஏணியும் போடுவதில்தான் வழக்கமாகச் சொதப்பும். பாம்பின் தலையும் ஏணியின் அடியும் ஒரே கட்டத்தில் இருக்கக் கூடாது, பிள்ளைகள் சண்டை போடுவார்கள். ஏணியின் உச்சியில் பாம்பின் தலை இருந்தால், ஏறியவர் இறங்க வேண்டுமா என்று வழக்கு வரும். இவற்றைவிட மோசமான தவறு ஒன்று உண்டு: தொடர்ந்து ஆறு கட்டங்களில் பாம்புத் தலைகள். ஒரு பகடையால் ஆறுக்கு மேல் தாண்ட முடியாது என்பதால், அந்தச் சுவரை ஏணி தாண்டவில்லை என்றால் ஆட்டம் முடியவே முடியாது. நாலு தொடர்ந்து இருந்தாலே பிள்ளைகள் வெறுத்துப் போவார்கள்.

அளவுக்கு ஒரு முன்மாதிரி வேண்டுமா? அமெரிக்காவில் பெயர்பெற்ற நூறு கட்டப் பலகையில் 9 ஏணிகளும், பாம்புக்குப் பதிலாக 10 சறுக்குகளும் உண்டு. மிக நீளமான ஏணி 28-இலிருந்து 84-க்கு, மிக நீளமான சறுக்கு 87-இலிருந்து 24-க்கு. அதில் ஒருவர் ஆட்டத்தை முடிக்கச் சராசரியாக 39 வீச்சுகளுக்கு மேல் ஆகும். எல்லாம் கூடி வந்தால் 7 வீச்சிலேயே முடிக்கலாம். நாலு பிள்ளைகள் ஆடி, ஒரு பாட வேளைக்குள் ஒருவராவது ஜெயிக்க இந்த அளவு பொருத்தம். எண்ணுக்குப் பதிலாகக் கட்டத்தில் ஒரு சொல் எழுதி, பழைய பரமபதத்தின் வழியில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் காரணம் வைத்துப் பாருங்கள். எண்ணையும் ஓரத்தில் சிறிதாக விட்டு வையுங்கள்.

கேள்வி: லூடோவும் நம்முடையதா?

வம்சம் நம்முடையது, பச்சீசி. பச்சீஸ் என்றால் இந்தியில் 25, சோழி உருட்டலில் விழும் மிகப் பெரிய எண். ஃபதேபூர் சிக்ரி அரண்மனை முற்றத்தில் இந்தச் சிலுவை வடிவக் கட்டம் தரையிலேயே இருக்கிறது. அக்பர் பணிப்பெண்களையே காய்களாக நிறுத்தி ஆடினார் என்பது செவிவழிக் கதை. 1896-இல் இங்கிலாந்தில் லூடோவுக்குக் காப்புரிமை பெற்றார்கள். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு 'நான் ஆடுகிறேன்' என்று பொருள். சோழி போய்ப் பகடை வந்தது. எதிரெதிரே உட்கார்ந்த இருவர் கூட்டாளிகள் என்ற பச்சீசி வழக்கம் போய், அவரவர் பாடு அவரவருக்கு என்று ஆனது. நமக்குத் தெரிந்தவரை நட்டம் அதில்தான் அதிகம். கூட்டாளிக்காகத் தன் காயை நிறுத்தி வழியடைக்கும் சூட்சுமமே பச்சீசியின் உயிர்.

கேள்வி: பழந்தமிழில் பகடைக்கு என்ன பெயர்?

கவறு. குறளில் சூது அதிகாரத்திலேயே வருகிறது, 935-ஆம் குறள். அதே குறளில் 'கழகம்' என்ற சொல்லுக்குச் சூதாடும் இடம் என்று பொருள் என்பதை யாரிடமும் சத்தமாகச் சொல்லாதீர்கள். 401-ஆம் குறளில் வரும் 'அரங்கு', வட்டாடக் கீறிய கட்டத்தைக் குறிக்கும். கீழடி அகழாய்விலும் பகடைக்காய்கள் கிடைத்திருக்கின்றன.

கேள்வி: என் மகளுக்குப் பாம்பு என்றாலே பயம். பலகையைப் பார்த்தாலே அழுகிறாள்.

1943-இல் மில்டன் பிராட்லி நிறுவனம் அமெரிக்காவில் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது பாம்பை எடுத்துவிட்டுப் பூங்காச் சறுக்குமரம் வரைந்தது. விதியில் ஒரு எழுத்தும் மாறவில்லை. நீங்களும் பாம்புகள் மேல் வண்ணத்தாளை வெட்டி ஒட்டிச் சறுக்குமரம் ஆக்கிவிடலாம். தலை இருந்த கட்டத்தின் எண்ணும் வால் இருந்த கட்டத்தின் எண்ணும் மறையாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.